தன்வந்திரி மகால் ஏடுகள்

ஓசூரில் என்னிடம் பயின்று மருத்துவம் கற்க விழைந்தோர் நூல் தேடி எல்லை கடந்து பெங்களூர் செல்வர். மருத்துவ ஆராய்ச்சி நூலகம் மேனாட்டார் தந்த புதுமை என்றே அவர்கள் கருதினர். தஞ்சையை நினைத்தாரில்லை.

1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நிறுவினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் ஆகியவற்றில் வல்லோர் அங்கே ஒருங்கிருந்தனர். மருந்து கொடுத்ததோடு அவர்கள் நின்றாரல்லர்; பயன் கண்ட முறைகளை எழுதித் தொகுத்தனர். கண் நோயாளர் சிலரைப் பற்றிய குறிப்புகள் ஓவியங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. தேர்ந்த முறைகளைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக்கினர். வைத்தியர் நினைவில் நிறுத்த உரைநடையினும் பாட்டு எளிதன்றோ? பொருள் தேடுவோனுக்கு அந்நாளைய அட்டவணை அதுவே என்பேன்.

எனினும் மூல ஏடுகள் அரண்மனைக்குள்ளேயே இருந்தன. பொதுமக்களுக்கு நூலகம் திறக்கப்பட்டது 1918-இல். மன்னர் மறைந்து 86 ஆண்டுகளுக்குப் பின்! அதுவரை அவ்வறிவு எத்தனை பேருக்கு எட்டாது போயிற்றோ! பின்னர் நூலகமே அவற்றைச் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்னும் பெயரில் நோய்வாரியாக அச்சிட்டது: நீரிழிவுக்கு ஒரு நூல், கண்நோய்க்கு ஒரு நூல், இவ்வாறு. தஞ்சை செல்வோர் கேட்டுப் படியுங்கள். மருத்துவரைக் கேளாமல் மட்டும் அம்மருந்துகளை உண்ணாதீர்கள்.