சினைக்குதிரை தந்த மாத்திரை

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் பிராண்டன் என்றொரு ஊர். சுற்றிலும் கோதுமைச் சமவெளி. அக்டோபரில் குளிர் இறங்கத் தொடங்கியதும் அந்த வட்டாரத்துப் பண்ணைகளில் சினைக்குதிரைகளை லாயத்துக்குள் கொண்டுவந்து கட்டுவார்கள். வசந்தம் வரும்வரை, ஏறக்குறைய ஆறு மாதம், அவை நிற்கும் இடம் அதுதான். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ரப்பர் பை ஒன்று வாரில் தொங்கும். குதிரை இரண்டடி முன்னே பின்னே நகரலாம்; திரும்பி நிற்க முடியாது. பையில் விழும் மூத்திரம் சேகரிக்கப்பட்டு, லாரி ஏறி, பிராண்டனில் உள்ள ஆலைக்குப் போகும். அங்கே அதிலிருந்து ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்களைப் பிரித்தெடுப்பார்கள். பிறகு அது வேறு ஊர்களில் மாத்திரையாகும். அதிகம் விற்ற 0.625 மில்லிகிராம் மாத்திரை அரக்குச் சிவப்பு நிறம், முட்டை வடிவம்.

அதன் பெயர் பிரெமரின். சினையான பெட்டைக்குதிரைகளின் மூத்திரம் என்பதற்கான மூன்று ஆங்கிலச் சொற்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய பெயர். அதை விழுங்கிய கோடிக்கணக்கான பெண்களில் பலருக்கு இது தெரியாது.

மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் பெண்களுக்கு என்ன நடக்கிறது என்பதற்குத் தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: படபடப்பு. நெஞ்சு அடித்துக்கொள்வதும் அதுதான். காரணம் தெரியாத பயமும் அதுதான். உடம்பு, மனசு என்று அந்தச் சொல் பிரித்துப் பார்ப்பதில்லை. நடுராத்திரியில் கழுத்திலிருந்து முகம்வரை அனல் ஏறி, வேர்த்துக் கொட்டி, எதுவோ நடக்கப்போகிறது என்ற கலக்கத்தோடு எழுந்து உட்கார்ந்த பெண்ணுக்கு, இதில் எது உடம்பின் வேலை, எது மனசின் வேலை என்று சொல்லத் தெரியாது. இந்த மாத்திரையின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வருகிறாள். அவள் கேட்ட கேள்வி எளிமையானது: இதைப் போட்டுக்கொண்டால் என் மனசு நிலைக்கு வருமா? அந்தக் கேள்விக்கு ஒழுங்காகக் காது கொடுக்க மருத்துவ உலகத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

கதையை 1929-இலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனாண்ட்டும் ஒருவரையொருவர் சாராமல், கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் என்ற பெண் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். மான்ட்ரியாலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கொலிப் இருந்தார். இன்சுலினைத் தூய்மைப்படுத்தித் தந்த குழுவில் ஒருவர். அவர் மனித நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த ஒரு சாறு 1930-களில் ‘எம்மெனின்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிறகு கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்தும் எடுத்தார்கள். வீடு வீடாகச் சிறுநீர் சேகரித்து எவ்வளவு மருந்து செய்துவிட முடியும்? விலையும் அதிகமாக இருந்தது. இதற்கிடையே ஜெர்மானிய மருத்துவர் பெர்ன்ஹார்ட் சோண்டெக், சினைக்குதிரையின் மூத்திரத்தில் இந்த ஹார்மோன் கொட்டிக்கிடக்கிறது என்று கண்டு சொல்லியிருந்தார். எம்மெனினை விற்ற அதே அயெர்ஸ்ட் நிறுவனம் குதிரைப் பக்கம் திரும்பியது. 1941-இல் கனடாவில் பிரெமரின் கடைக்கு வந்தது. 1942-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

குதிரையில் மட்டும் ஏன் இவ்வளவு? குதிரை பதினோரு மாதம் சுமக்கிறது. நடு மாதங்களில், வயிற்றில் இருக்கும் குட்டியின் இனச்சுரப்பிகள் தாயின் சூலகங்களைவிடப் பெரிதாக வீங்கி வளர்கின்றன. அவை சுரக்கும் மூலப்பொருளைத் தாயின் நஞ்சுக்கொடி வாங்கி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மிஞ்சியது மூத்திரத்தில் வெளியேறுகிறது. பிறக்கும் காலம் நெருங்கும்போது அந்தச் சுரப்பிகள் தாமாகவே சுருங்கிவிடும். ஆக, மாத்திரையில் இருப்பதைத் தாயும் குட்டியும் சேர்ந்தே செய்கிறார்கள். பண்ணைக்குத் தேவை தாய். பிறக்கும் குட்டிகளோ பெரும்பாலும் உபரி. ஏலத்துக்குப் போனவற்றில் கணிசமானவை இறைச்சிக்குப் போயின. பண்ணையாருக்குக் கொடுக்கும் பணம் மூத்திரத்தின் அளவுக்கல்ல, அதிலுள்ள ஈஸ்ட்ரோஜனின் எடைக்கு என்பதால் குதிரைகளுக்குத் தண்ணீரைக் குறைக்கிறார்கள் என்று விலங்குநல அமைப்புகள் பல ஆண்டுகள் போராடின. இதைச் சொல்லாமல் இந்த மாத்திரையின் நன்மை தீமையைப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை.

மருந்துக்கடைக்கு வந்த மாத்திரைக்கு அனுமதி அனல் பாய்தலைத் தணிக்கத்தான். அதை நன்றாகவே தணித்தது. ஆனால் விளம்பரங்கள் மனசைப் பிடித்துக்கொண்டன. அதுவும் பெண்ணின் மனசையல்ல. மருத்துவ இதழ்களில் வந்த ஒரு விளம்பரம், கணவர்களுக்கும் பிரெமரின் பிடிக்கும் என்றது. அவளோடு மறுபடியும் இனிமையாக வாழலாமாம். அவள் இரவில் எப்படித் தவித்தாள் என்பது அங்கே பேச்சில்லை. இன்னொரு படியும் இறங்கினார்கள். ‘பிஎம்பி’ என்றொரு மாத்திரை வந்தது: பிரெமரினோடு மெப்ரோபமேட் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தை ஒரே வில்லையில் சேர்த்திருந்தார்கள். மெப்ரோபமேட் பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து. ஹார்மோன் ஒன்றே படபடப்பைத் தீர்த்துவிடும் என்று அவர்களே நம்பியிருந்தால் இந்தக் கலவைக்கு என்ன தேவை?

1966-இல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மகப்பேறு மருத்துவர் ஒரு புத்தகம் எழுதினார். மாதவிலக்கு நிற்பதே ஒரு பற்றாக்குறை நோய், ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் பெண் என்றென்றும் பெண்ணாக இருப்பாள் என்பது அதன் சாரம். விற்பனை பறந்தது. அவருடைய அறக்கட்டளைக்கு மருந்து நிறுவனங்கள் பணம் தந்தது பிறகுதான் வெளியே வந்தது.

1975-இல் முதல் அடி. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்துக்கொள்ளும் பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உள்வரிப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. அதற்கு மாற்று கண்டுபிடிக்கப்பட்டது: கூடவே புரொஜெஸ்ட்டிரோன் வகை ஹார்மோன் ஒன்றையும் கொடுத்தால் கர்ப்பப்பை காப்பாற்றப்படும். காப்பாற்றப்பட்டது. ஆனால் மனசின் கணக்கு சிக்கலாயிற்று. புரொஜெஸ்ட்டிரோன் உடம்பில் உடைந்து அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருளாகிறது. மூளையில் அமைதியைத் தரும் காபா ஏற்பிகளைத் தொடுவது அதுதான். அதனால் பலருக்குத் தூக்கம் வரும், மனம் அடங்கும். சிலருக்கோ இதே பொருள் எதிராக வேலை செய்து எரிச்சலையும் அழுகையையும் கொண்டுவரும். செயற்கைப் புரொஜெஸ்ட்டின்களின் பாதை வேறு. அவை இந்தப் பொருளாக உடைவதில்லை. “அந்த இன்னொரு மாத்திரை சேரும் பன்னிரண்டு நாளும் நான் நானாக இருப்பதில்லை” என்று ஒரு பெண் சொன்னால் அது மிகையல்ல. நம்ப வேண்டிய தகவல்.

பிறகு 2002 ஜூலை. அமெரிக்க அரசின் பெண்கள் நல ஆய்வில், பிரெமரினையும் மெட்ராக்ஸிபுரொஜெஸ்ட்டிரோன் என்ற செயற்கைப் புரொஜெஸ்ட்டினையும் சேர்த்துக் கொடுத்த பிரிவு பாதியில் நிறுத்தப்பட்டது. 16,608 பெண்கள். சராசரி வயது 63. பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு எடுத்துக்கொண்டால் மார்பகப் புற்றுநோய் 8, பக்கவாதம் 8, இதயநோய் 7 என்று கூடுதலாக வந்தன. இடுப்பெலும்பு முறிவு 5-ம் பெருங்குடல் புற்றுநோய் 6-ம் குறைந்தன. செய்தி உலகெங்கும் தீயாய்ப் பரவியது. லட்சக்கணக்கானோர் மாத்திரையைத் தூக்கியெறிந்தார்கள். அனல் திரும்பியது; தூக்கம் போனது. மானிட்டோபாவில் லாயங்கள் காலியாயின. நானூறுக்கும் மேலிருந்த பண்ணைகளில் பெரும்பாலானவற்றின் ஒப்பந்தம் அடுத்த சில ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது. வேலையில்லாமல் போன குதிரைகளும் சந்தைக்குப் போயின.

அந்த ஆய்வு மனநிலையைப் பற்றியும் கேட்டிருந்தது. 2003-இல் வந்த விடை: மனச்சோர்விலோ மன ஆரோக்கியத்திலோ சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவுமில்லை, அனல் குறைந்தது, தூக்கம் கொஞ்சம் மேம்பட்டது, அவ்வளவுதான். பல மருத்துவர்கள் அத்தோடு கோப்பை மூடினார்கள். ஆனால் யாரிடம் கேட்டார்கள் என்று பாருங்கள். மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்கு மேலானவர்களே அதிகம். கடுமையான தொந்தரவு உள்ளவர்களைச் சேர வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்லியிருந்தார்கள். ஒப்பீட்டுக்காகத் தரும் மருந்தில்லாத வெறும் மாத்திரை கிடைத்தால் தாங்கமாட்டார்கள் அல்லவா? புயல் ஓய்ந்த கரையில் நின்றுகொண்டு, குடை உதவியதா என்று கேட்டது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முந்தைய ஆண்டே வந்த வேறொரு ஆய்வு இதைக் கோடிகாட்டியிருந்தது: இதயநோய் உள்ள மூத்த பெண்களிடையே, அனல் பாய்தல் இருந்தவர்களுக்கு ஹார்மோன் மனநிலையைச் சீராக்கியது, அது இல்லாதவர்களுக்கு உடல் தெம்பையே குறைத்தது.

புயல் அடிப்பது மாதவிலக்கு முற்றும் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில். அப்போது ஈஸ்ட்ரோஜன் மெல்ல வற்றுவதில்லை. ஒரு மாதம் எகிறும், மறுமாதம் சரியும். மூளையில் மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனின் உற்பத்தியைத் தூண்டுவதிலும் அது சிதைவதைத் தடுப்பதிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்குண்டு. பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் அதற்கான ஏற்பிகள் இருக்கின்றன. அது ஆடினால் இவையும் ஆடும்.

அந்தப் பருவத்துப் பெண்களிடம் 2001-இல் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. மனச்சோர்வு உள்ள 50 பேர். பாதிப்பேருக்கு ஈஸ்ட்ரடியால் என்ற ஈஸ்ட்ரோஜன் அடங்கிய பட்டை, தோலில் ஒட்டிக்கொள்வது. மீதிப்பேருக்கு வெறும் பட்டை. பன்னிரண்டு வாரத்தில் மருந்துப் பட்டை ஒட்டியவர்களில் 68 சதவீதம் பேர் மீண்டார்கள். மற்றவர்களில் 20 சதவீதம். 2018-இல் இன்னொன்று: மனச்சோர்வு இல்லாத 172 பெண்களை ஓராண்டு கவனித்தார்கள். வெறும் பட்டை பெற்றவர்களில் 32 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் தலைகாட்டின. ஹார்மோன் பெற்றவர்களில் 17. அண்மையில் வாழ்க்கையில் பெரிய அடிகளைச் சந்தித்திருந்தவர்களுக்குப் பலன் கூடுதல்.

இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திய ஆய்வு 2015-இல் வந்தது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட் குழு செய்தது. இரண்டு வகைப் பெண்கள். ஒரு வகையினருக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் மனச்சோர்வு வந்து ஈஸ்ட்ரோஜனால் நீங்கியிருந்தது. மற்றவர்களுக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. எல்லோருக்கும் மூன்று வாரம் ஈஸ்ட்ரடியால் பட்டை. பிறகு சிலரை, அவர்களுக்கே தெரியாமல், வெறும் பட்டைக்கு மாற்றினார்கள். அப்படி மாற்றப்பட்ட எல்லோருக்கும் ரத்தத்தில் ஹார்மோன் ஒன்றுபோலவே இறங்கியது. மனம் இறங்கியது முதல் வகையினருக்கு மட்டும். “எனக்கெல்லாம் ஒண்ணுமே தெரியலையே, உனக்கு மட்டும் என்ன?” என்று அக்கா தங்கையைக் கேட்பாளே, அதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. பிரசவத்துக்குப் பின்னோ மாதவிலக்குக்கு முன்னோ மனம் உடைந்த அனுபவம் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அவர் கேட்காவிட்டாலும்.

பாதையும் முக்கியம். விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறையும் காரணிகளைக் கூட்டிவிடுகிறது. பட்டையிலுள்ள ஈஸ்ட்ரடியால் தோல் வழியே ரத்தத்தில் கலப்பதால் அந்த முதல் நெருக்கடி இல்லை. அதனால் இப்போது பல மருத்துவர்கள் பட்டையையும் களிம்பையும் விரும்புகிறார்கள். பிரெமரினின் காலம் முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன்.

மனசு விஷயத்தில் அது அவ்வளவு எளிதாக முடியவில்லை. அமெரிக்காவில் ஒன்பது இடங்களில் கீப்ஸ் என்ற ஆய்வு நடந்தது. மாதவிலக்கு நின்று மூன்றாண்டுக்குள் இருந்த, 42 முதல் 58 வயதுக்குட்பட்ட பெண்கள். அதன் ஒரு கிளையில் 693 பேரின் மனநிலையையும் நினைவாற்றலையும் நான்கு ஆண்டுகள் வரை அளந்தார்கள். ஒரு குழுவுக்குக் குறைந்த அளவு பிரெமரின், 0.45 மில்லிகிராம். இன்னொன்றுக்கு ஈஸ்ட்ரடியால் பட்டை. இந்த இரு குழுக்களுக்குமே மாதத்தில் பன்னிரண்டு நாள் இயற்கைப் புரொஜெஸ்ட்டிரோன். மூன்றாவது குழுவுக்குப் போலி மருந்து. அவ்வப்போது ஒரு தாளைக் கொடுப்பார்கள்: இறுக்கம், பதற்றம், அமைதியின்மை என்று சொற்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் இந்த நாட்களில் எவ்வளவு என்று பெண்கள் குறிக்க வேண்டும். முடிவு 2015-இல் வெளியானது. நினைவாற்றலில் யாருக்கும் வேறுபாடில்லை. பட்டை ஒட்டியவர்களின் மனநிலை, போலி மருந்து பெற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தது மாத்திரை விழுங்கியவர்களுக்கு.

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்தாகப் பிரெமரினுக்கு அமெரிக்காவில் அனுமதி இல்லை. 1942-இலும் இல்லை, அதன்பிறகும் இல்லை. பட்டையின் ஈஸ்ட்ரடியாலை ஆய்வகத்தில் தாவரப் பொருளிலிருந்து செய்ய முடியும். மாத்திரையில் இருப்பதோ பத்து வகைக்கும் மேற்பட்ட ஈஸ்ட்ரோஜன்களின் கலவை. அதில் ஈக்விலின் போன்றவை மனிதப் பெண்ணின் உடம்பில் ஒருபோதும் சுரப்பதில்லை. அவை மூளையில் எங்கே போய் எதைத் தொடுகின்றன என்பதை இன்னும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தாளில் ‘பதற்றம்’ என்ற சொல்லுக்கு எதிரே குறைந்த எண்ணைக் குறித்த பெண்ணுக்கு அந்த எண்ணைத் தந்தது, ஏதோ ஒரு குளிர்காலத்தில் திரும்பி நிற்க இடமில்லாமல் நின்ற ஒரு தாயும் அவள் வயிற்றிலிருந்த குட்டியும்.