எத்தனை பவுன் தேறும்?

புதையல் என்றதும் நம்மில் பலர் கேட்கிற முதல் கேள்வி, 'எத்தனை பவுன் தேறும்?' ஆதிச்சநல்லூர் தங்கத்தைப் பார்த்து இப்படிக் கேட்டால் ஏமாந்துதான் போவீர்கள். அதன் பெருமை எடையில் இல்லை. மெல்லிசில் இருக்கிறது!

திருநெல்வேலியிலிருந்து கிழக்கே சுமார் 24 கிலோமீட்டரில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது அந்தப் பரம்பு. 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த டாக்டர் ஜாகோர் இங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்கு மூட்டை கட்டினார். 1899-ல் தொல்லியல் அதிகாரி அலெக்ஸாண்டர் ரீ வந்தார். முதுமக்கள் தாழிகள், வெண்கலப் பாத்திரங்கள், ஏராளமான இரும்பு வாள், ஈட்டி... இவற்றுக்கு நடுவே முட்டை வடிவத் தங்கத் தகடுகள். இறந்தவரின் நெற்றியில் கட்டிய பட்டங்கள் என்று கருதினார் ரீ. 2022-ல்கூட அப்படியொன்று கிடைத்தது.

துளியூண்டு தங்கம்தான். ஆனால், தட்டித் தட்டி நெற்றியில் பளிச்சிடும் அளவுக்கு விரித்திருக்கிறார்கள். இது கஞ்சத்தனம் இல்லை, சாமர்த்தியம்! உலோகத்தின் பளபளப்பெல்லாம் மேல்தோலில்தான். உள்ளே நுழைகிற ஒளியும் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அந்த அளவுக்கே மெல்லிசாக்கிவிட்டால்? 1857-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே அதைத்தான் ஆராய்ந்தார். தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுகிறோமே, அந்த மாதிரி தங்க ரேக். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், ஊடுருவி வருகிற ஒளி பச்சை! மேலே மஞ்சள், உள்ளே பச்சை. ஒரே தங்கம்தான்.

சரி, ஆதிச்சநல்லூரில் பக்கத்திலேயே கிடந்த அந்த இரும்பு? அதற்கும் காலம் வந்தது. 1988-ல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியே ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். இரும்பு, குரோமியம், மறுபடி இரும்பு என்று அடுக்கினார்கள். நடுவிலிருந்த குரோமியம் சில அணுக்கள் கனம்தான். இரும்பு அடுக்குகளின் காந்தத் திசைகள் எதிரெதிராக இருந்தால், உள்ளே ஓடுகிற எலெக்ட்ரான்களுக்கு முட்டுக்கட்டை. வெளியிலிருந்து காந்தம் காட்டி ஒரே திசைக்குத் திருப்பினால், வழி லேசாகிவிடும். தடித்த இரும்பில் இவ்வளவு பெரிய மாற்றத்தைப் பார்க்க முடியாது. கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கைப் படிக்கும் முனைகளில் 1997-ல் இது நுழைந்தது. ஒரே டிஸ்க்கில் சேமிக்கிற அளவு கிடுகிடுவென ஏறியது. 2007-ல் இருவருக்கும் நோபல் பரிசு!

எலெக்ட்ரானைப் பற்றி தாமிரபரணிக்கரைத் தட்டாருக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால், உலோகம் எங்கே கிழியும், எங்கே நிறுத்தணும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அவர் பெயர் எந்தத் தாழியிலும் இல்லை. அந்தத் தகடுதான் அவர் கையெழுத்து.

ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. பார்க்கப் போனால், தராசை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!