மின்னஞ்சல் அனுப்புநர் சான்றுறுதி

மின்னஞ்சல் அனுப்புநர் சான்றுறுதி என்பது, ஒரு டொமைனின் பெயரில் வந்த அஞ்சலை அந்த டொமைனுக்கு உரியவரோ அவருடைய அனுமதி பெற்றவரோதான் அனுப்பினாரா என்று பெறும் சர்வர் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று நெறிமுறைகள் இதில் அடங்கும். டொமைன் பெயர்களுக்கான பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் டொமைன் உரிமையாளர் எழுதிவைக்கும் சில வரிகளை நம்பியே மூன்றும் இயங்குகின்றன. 2003 தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளில் இவை உருவாயின. விருப்பப்பட்டவர் மட்டும் செய்துகொள்ளும் வேலையாக நெடுங்காலம் இருந்துவிட்டு, 2024 முதல் வணிக நிறுவனங்களுக்கு ஏறக்குறையக் கட்டாயமாகியிருக்கிறது.

கேள்வி கேட்காத நெறிமுறை

மின்னஞ்சலைச் சர்வருக்குச் சர்வர் கடத்தும் எஸ்எம்டிபி நெறிமுறையை 1982 ஆகஸ்டில் ஜோனதன் போஸ்டல் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக வெளியிட்டார். கடிதத்தின் தலைப்பு வரிகளை வகுத்த ஆர்எஃப்சி 822ஐ அதே மாதம் டேவிட் கிராக்கர் எழுதினார். ஆவணம் இரண்டு என்பதால் அனுப்புநர் பெயரும் இரண்டாயிற்று. தபாலில் உறை மேல் எழுதும் முகவரி ஒன்று, உள்ளே கடிதத் தலைப்பில் ‘அனுப்புநர்’ என்று எழுதுவது இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மின்னஞ்சலிலும் அப்படித்தான். சர்வர்கள் பார்ப்பது உறை முகவரியை. வாசகர் திரையில் பார்ப்பது உள்முகவரியை.

அனுப்பும் சர்வர் ‘மெயில் ஃப்ரம்’ என்று சொல்லி ஏதோ ஒரு முகவரியைத் தரும். எதிர்ச் சர்வர் ‘250 ஓகே’ என்று ஏற்றுக்கொள்ளும். அந்த முகவரி உன்னுடையதுதானா என்று கேட்க நெறிமுறையில் இடமே இல்லை. இதை அலட்சியம் என்று சொல்ல முடியாது. அன்றைய அர்ப்பாநெட்டில் இருந்தவை சில நூறு கணினிகள். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்.

இணையம் வணிகத்துக்குத் திறந்தபின் இந்த ஓட்டை பெரிதாகத் தெரிந்தது. 1997இல் அமெரிக்காவில் ஜோஸ்.காம் என்ற தளத்தை நடத்தியவர், குப்பை அஞ்சல் விளம்பரம் செய்த ஒரு பயனரின் கணக்கை நீக்கினார். பழிவாங்க நினைத்த அந்தப் பயனர், தள நடத்துநரின் பெயரிலேயே குப்பை அஞ்சல்களை ஏராளமாக அனுப்பிவைத்தார். திரும்பி வந்த அஞ்சல்களும், வசவும், தாக்குதலும் எல்லாம் குற்றமற்றவர் தலையில் விழுந்தன. இவ்வகை மோசடிக்கு ‘ஜோ ஜாப்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

எஸ்பிஎஃப்

ஒரு டொமைனுக்கு வரும் அஞ்சலை எந்தச் சர்வர் வாங்கும் என்பதை டிஎன்எஸ்ஸின் எம்எக்ஸ் பதிவு 1986 முதலே சொல்லிவந்தது. அந்த டொமைனின் பெயரில் எந்தச் சர்வர் அனுப்பலாம் என்பதையும் அங்கேயே எழுதிவைத்தால் என்ன? பால் விக்ஸி 2002இல் இப்படி ஒரு குறிப்பு எழுதினார். ஹட்முட் டானிஷ், கோர்டன் ஃபெசிக் ஆகியோரும் தனித்தனியே திட்டங்கள் முன்வைத்தனர். 2003இல் பாபாக்ஸ் மின்னஞ்சல் நிறுவனத்தின் மெங் வெங் வோங் இவற்றை ஒன்றிணைத்து எஸ்பிஎஃப் ஆக்கினார்.

அதே நேரத்தில் மைக்ரோசாஃப்ட் ‘காலர் ஐடி’ என்ற தன் திட்டத்தோடு வந்தது. இரண்டையும் சேர்த்து ‘சென்டர் ஐடி’ என்ற ஒரே தரமாக்க, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 2004 மார்ச்சில் ஒரு பணிக்குழு அமைத்தது. மைக்ரோசாஃப்ட் காப்புரிமை கோரியிருந்ததால், அதன் உரிம நிபந்தனைகளோடு இதைச் செயல்படுத்த மாட்டோம் என்று அப்பாச்சி அறக்கட்டளையும் டெபியனும் அறிவித்தன. செப்டம்பரில் குழுவே கலைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் எஸ்பிஎஃப்பும் சென்டர் ஐடியும் ‘சோதனை நிலை’ ஆவணங்களாகத் தனித்தனியே வெளியாயின. புழக்கத்தில் நின்றது எஸ்பிஎஃப் மட்டுமே. அது முறையான தர வரிசைக்குள் வர 2014 ஏப்ரல் வரை, ஆர்எஃப்சி 7208 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காப்புரிமைச் சண்டை ஒரு நல்ல யோசனையை எத்தனை ஆண்டு பின்னுக்கு இழுக்கும் என்பதற்கு இது சரியான உதாரணம்.

எஸ்பிஎஃப்பில் இரண்டு குறைகள் உண்டு. கல்லூரி முகவரிக்கு வந்த அஞ்சலைத் தன் ஜிமெயிலுக்கு ஒருவர் ஃபார்வர்டு செய்தால், அனுப்பும் சர்வர் மாறிவிடுகிறது, சோதனை தோற்கிறது. அதைவிடப் பெரிய குறை, அது சோதிப்பது உறை முகவரியை மட்டும் என்பது. மோசடிக்காரர் தன் சொந்த டொமைனை உறையில் போட்டு அதற்கு ஒழுங்காக எஸ்பிஎஃப்பும் எழுதிவிட்டு, கடிதத்துக்குள் வங்கியின் பெயரைப் போட்டால் சோதனை வெற்றி என்றே வரும்.

டிகிம்

யாஹூவில் மார்க் டெலனி வடிவமைத்த ‘டொமைன்கீஸ்’, சிஸ்கோவின் ‘ஐடென்டிஃபைடு இன்டர்நெட் மெயில்’ ஆகிய இரண்டும் இணைந்து 2007 மே மாதம் ஆர்எஃப்சி 4871 ஆக வெளிவந்தது டிகிம். 2011இல் ஆர்எஃப்சி 6376 ஆகத் திருத்தப்பட்டது. அனுப்பும் சர்வர், கடிதத்தின் உடலுக்கும் தேர்ந்த தலைப்பு வரிகளுக்கும் தன்னிடம் உள்ள ரகசியச் சாவியால் கையொப்பம் இடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும். வழியில் யார் ஃபார்வர்டு செய்தாலும் கடிதத்தை மாற்றாதவரை கையொப்பம் செல்லும்.

சாவி சிறியதாக இருந்தால் கையொப்பத்தால் பயனில்லை. 2011 டிசம்பரில், அமெரிக்கக் கணிதவியலாளர் ஜக்கரி ஹாரிஸுக்குக் கூகுளின் ஆள்சேர்ப்பாளரிடமிருந்து ஓர் அஞ்சல் வந்தது. உண்மைதானா என்று தலைப்பு வரிகளை ஆராய்ந்தவர், கூகுளின் டிகிம் சாவி வெறும் 512 பிட் என்று கண்டார். ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூகுள் வைத்த புதிராக இருக்கும் என்று நினைத்து, வாடகைக் கணினிகளைக் கொண்டு சாவியை உடைத்தார். செர்கே பிரின் அனுப்பியதுபோல லாரி பேஜுக்கு ஓர் அஞ்சலும் போட்டார். பதில் வரவில்லை. ஆனால் இரண்டு நாளில் கூகுளின் சாவி 2048 பிட்டாக மாறியிருந்தது. 2012 அக்டோபரில் ‘வயர்ட்’ இதழ் இதை வெளியிட்டபோது வேறு பல பெரிய நிறுவனங்களின் சாவிகளும் இதே நிலையில் இருந்தது தெரியவந்தது. இப்போதைய விதி (ஆர்எஃப்சி 8301, 2018) 1024 பிட்டுக்குக் குறைவான சாவியை ஏற்கக் கூடாது என்கிறது, 2048ஐப் பரிந்துரைக்கிறது.

டிமார்க்

கையொப்பம் இல்லாத அஞ்சலை என்ன செய்வது என்று டிகிம் சொல்லவில்லை. பேபால் 2007இல் யாஹூவோடும் மறு ஆண்டு ஜிமெயிலோடும் தனியாகப் பேசி, தன் பெயரில் கையொப்பமில்லாமல் வரும் அஞ்சலைப் பயனரிடம் சேர்க்காமல் தள்ளிவிட ஏற்பாடு செய்தது. ஆளுக்கு ஆள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்க முடியாது அல்லவா? கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ, ஏஓஎல், பேபால், ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்கள் கூடி 2012 ஜனவரி 30 அன்று டிமார்க்கை அறிவித்தன. 2015 மார்ச்சில் ஆர்எஃப்சி 7489 வெளியானது.

டிமார்க் புதிதாக எதையும் சோதிப்பதில்லை. எஸ்பிஎஃப்போ டிகிமோ வெற்றி பெற்ற டொமைனும், வாசகர் கண்ணில் படும் அனுப்புநர் டொமைனும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. பல ஆண்டுகளாக விட்டுப்போயிருந்த இணைப்பு இதுதான். ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்பதை உரிமையாளரே மூன்றில் ஒன்றாகச் சொல்லலாம்: ஒன்றும் செய்யாதே (நன்), ஸ்பேமில் போடு (குவாரன்டைன்), ஏற்காதே (ரிஜெக்ட்). தன் பெயரில் யார் யார் அஞ்சல் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கையும் அவருக்குத் திரும்பி வரும்.

2014 ஏப்ரலில் யாஹூ, தன் பயனர்களின் திருடப்பட்ட முகவரிப் புத்தகங்களை வைத்து நடந்த மோசடியைத் தடுக்க, யாஹூ.காமுக்கே ‘ரிஜெக்ட்’ போட்டது. மோசடி குறைந்தது. ஆனால் குழு அஞ்சல் பட்டியல்கள் கடிதத்தில் தலைப்பையோ அடிக்குறிப்பையோ சேர்ப்பவை. கையொப்பம் உடைந்து, யாஹூ பயனர் எழுதியவை எல்லாம் திரும்பத் தொடங்கின. அதே மாதத்தில் ஏஓஎல்லும் அதே வழியில் போனது. இதைச் சீராக்க வந்த ஏஆர்சி நெறிமுறை (2019) சோதனை நிலை ஆவணமாகவே வெளியானது.

விருப்பத்திலிருந்து கட்டாயத்துக்கு

அரசுகள் தம் டொமைன்களுக்கு முதலில் விதித்தன. பிரிட்டன் 2016இலும், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2017 அக்டோபரிலும் டிமார்க்கை வலியுறுத்தின. அமெரிக்க உத்தரவு ஓராண்டுக்குள் ‘ரிஜெக்ட்’ வேண்டும் என்றது. வணிக உலகை அசைத்தது சட்டமல்ல, ஜிமெயில். 2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் அறிவித்த விதிகள் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் சுமார் 5000 அல்லது அதற்கு மேல் அஞ்சல் அனுப்பும் டொமைனுக்கு மூன்றும் வேண்டும்; ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஒரு முறை அந்த எண்ணிக்கையைத் தாண்டிய டொமைன் பிறகு எப்போதும் பெரிய அனுப்புநராகவே கருதப்படும். குறைவாக அனுப்புவோருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது தேவை. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக்.காமுக்கு இதையொத்த விதியை 2025 மே 5 முதல் கொண்டுவந்தது.

நிறுவனத்தில் அமைக்கும் முறை

முதல் வேலை கணக்கெடுப்பு; பலர் தவறுவதும் இங்கேதான். அலுவலக அஞ்சல் கூகுள் வொர்க்ஸ்பேஸிலோ, மைக்ரோசாஃப்ட் 365இலோ, ஜோஹோவிலோ இருக்கும். அது போக, இன்வாய்ஸ் அனுப்பும் மென்பொருள், விளம்பர அஞ்சல் சேவை, இணையதளத்தின் தொடர்புப் படிவம் ஆகியவையும் அதே டொமைன் பெயரில் அனுப்பிக்கொண்டிருக்கும். இவை அனைத்தும் ஒரே எஸ்பிஎஃப் வரிக்குள் வர வேண்டும். புதுச் சேவை வாங்கும்போதெல்லாம் தனி வரி சேர்த்தால், இரண்டு வரி கண்ட சர்வர் பிழை என்று முடித்துவிடும். அந்த ஒரு வரியைச் சோதிக்கப் பத்து டிஎன்எஸ் தேடலுக்கு மேல் தேவைப்பட்டாலும் பிழைதான்.

டிகிமில் ஒரு நுட்பமான பொறி உண்டு. கூகுளும் மைக்ரோசாஃப்டும், நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும், தங்களுடைய துணை டொமைன் பெயரில் கையொப்பமிட்டு அனுப்பும். சோதனையில் ‘பாஸ்’ என்று வரும். ஆனால் அது உங்கள் டொமைன் அல்ல என்பதால் டிமார்க் அதைக் கணக்கில் சேர்க்காது. நிர்வாகப் பக்கத்தில் சொந்தச் சாவியை உருவாக்கி, டிஎன்எஸ்ஸில் சேர்த்து, கையொப்பத்தை இயக்க வேண்டும். பிறகு ஒரு ஜிமெயில் கணக்குக்கு அஞ்சல் போட்டு ‘ஷோ ஒரிஜினல்’ திறந்தால் மூன்றின் முடிவும் மேலேயே தெரியும். டிகிமுக்கு எதிரே உங்கள் டொமைன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிமார்க்கை ‘நன்’ என்று தொடங்கி, அறிக்கை பெற ஒரு முகவரி தர வேண்டும். அறிக்கைகள் பெரும்பாலும் தினமும் வரும். சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்புகள். ஒவ்வொரு ஐபி முகவரியிலிருந்தும் எத்தனை அஞ்சல், எதில் தேறியது, எதில் தோற்றது என்று அவற்றில் இருக்கும். கணக்கெடுப்பில் விட்டுப்போன இன்வாய்ஸ் மென்பொருள் பெரும்பாலும் இங்கேதான் அகப்படும். எல்லாம் சரியானபின் ‘குவாரன்டைன்’, பின் ‘ரிஜெக்ட்’. முதல் நாளே ‘ரிஜெக்ட்’ போட்டால் போலிகளோடு சேர்ந்து சொந்த இன்வாய்ஸும் திரும்பும்.

எல்லை

பெயரை அப்படியே திருடுவதை மட்டுமே இவை தடுக்கும். ஓர் எழுத்து மாற்றிப் பதிவு செய்த டொமைனுக்கும் மூன்றும் ஒழுங்காக இருக்கலாம். 2013 முதல் 2015 வரை லிதுவேனியாக்காரர் எவால்தாஸ் ரிமசௌஸ்காஸ், தைவானின் க்வான்டா நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, போலி இன்வாய்ஸ்களால் கூகுளையும் ஃபேஸ்புக்கையும் 10 கோடி டாலருக்கு மேல் ஏமாற்றினார். கணக்கே திருடுபோனால் மோசடிக்காரரின் அஞ்சலும் முறையான கையொப்பத்தோடுதான் போகும்.

‘நன்’ நிலையிலேயே விடப்பட்ட டிமார்க் கூகுளின் விதிக்குப் போதுமானது. போலி அஞ்சலை அது நிறுத்தாது. அஞ்சலே அனுப்பாமல் பெயரைக் காத்துக்கொள்ள மட்டும் வாங்கிவைத்த டொமைன்களுக்கோ கணக்கெடுப்பும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம்: யாருக்கும் அனுமதியில்லை என்ற எஸ்பிஎஃப் வரியையும் டிமார்க் ‘ரிஜெக்ட்’டையும் முதல் நாளே எழுதிவிடலாம்.