மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை

மார்பகப் புற்றுநோய்க்குச் செய்யப்படும் சிகிச்சைகளில் பழமையானது அறுவை. எவ்வளவு அறுப்பது என்பதே அதன் வரலாறு நெடுகிலும் வந்த வழக்கு. கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எகிப்திய எட்வின் ஸ்மித் பாப்பிரஸ், மார்பில் புடைத்த கட்டிகளை விவரித்து, இதற்கு மருத்துவம் இல்லை என்கிறது. 1804இல் ஜப்பானிய மருத்துவர் ஹனவோகா செய்ஷூ, ஊமத்தை சேர்ந்த கலவையால் ஒரு மூதாட்டியை மயக்கி மார்பகக் கட்டியை அகற்றினார். ஐரோப்பாவில் அன்று அத்தகைய மயக்கமருந்து இல்லை. 1811இல் பாரிசில் ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி முழு நினைவோடு அறுவைக்குப் படுத்தார். கத்தி நெஞ்செலும்பைச் சுரண்டியதை உணர்ந்ததாகத் தமக்கைக்கு எழுதினார். அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருக்கு இருந்தது புற்றுநோய்தானா என்ற ஐயம் இன்றும் உண்டு.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட், 50 நோயாளிகளின் விவரத்தை 1894இல் வெளியிட்டார். நோய் மார்பகத்திலிருந்து அக்குள் நிணநீர்க் கணுக்களுக்கும், பிறகே உடலின் பிற பகுதிகளுக்கும் படிப்படியாகப் பரவும் என்று அவர் நம்பினார். ஆகவே மார்பகம், அதன் அடியிலுள்ள தசை, அக்குள் கணுக்கள் அனைத்தையும் ஒரே துண்டாக எடுத்தார். அறுத்த இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. கட்டி முற்றிய பிறகே பெண்கள் வந்த காலத்தில் அது பெரிய செய்திதான். ஆனால் பிழைத்தவர்களின் மார்பு ஒட்டிப்போய் விலா எலும்பு தெரிந்தது, கை வீங்கியது. சிறு கட்டிக்கும் இதே அறுவை முக்கால் நூற்றாண்டு தொடர்ந்தது. சான்றைவிட ஹால்ஸ்டெட்டின் புகழே அதைத் தாங்கி நின்றது எனலாம். லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் 1920களிலேயே ரேடியம் ஊசிகளைக் கொண்டு மார்பகத்தைக் காத்துச் சிகிச்சை செய்தும் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

பிட்ஸ்பர்கின் பெர்னார்ட் ஃபிஷர் வேறுவிதமாகக் கருதினார்: புற்றணுக்கள் தொடக்கத்திலேயே இரத்தத்தில் கலக்கக்கூடும், அப்படியானால் தசையை வெட்டி என்ன பயன்? 1971இல் அவர் குழு தொடங்கிய ஆய்வில், தசையோடு எடுத்தவர்களும் மார்பகத்தை மட்டும் எடுத்தவர்களும் ஒரே அளவில் உயிர்வாழ்ந்தனர். கட்டியுள்ள பகுதியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளித்தாலும் உயிர்வாழ்வு குறைவதில்லை என மிலானில் உம்பெர்டோ வெரொனேசி 1981இலும், ஃபிஷர் 1985இலும் காட்டினர். கதிர்வீச்சைத் தவிர்த்தால் நிலை வேறு: ஃபிஷரின் 20 ஆண்டுக் கணக்கில் அதே மார்பகத்தில் கட்டி மீண்டும் வந்தது 39 விழுக்காட்டினருக்கு, கதிர்வீச்சு பெற்றவர்களில் 14 விழுக்காட்டினருக்கு.

ஹால்ஸ்டெட்டின் முறை நீடித்த காலத்தில் இன்னொரு கொடுமையும் இருந்தது. பயாப்ஸி எனும் திசுச் சோதனைக்கு மயக்கமருந்து கொடுத்து, புற்று எனத் தெரிந்தால் அப்போதே மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும்போதுதான் பெண்ணுக்குத் தெரியும். அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் போன்றோரின் போராட்டத்தால் சோதனையும் அறுவையும் தனித்தனி நாள்களுக்குப் பிரிந்தன.

இன்று அந்தப் பயாப்ஸி அறிக்கையே வழி காட்டுகிறது. புற்றணுக்களில் ஹார்மோன் ஏற்பி இருந்தால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகள், ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருந்தால் 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப், இவை எதுவும் இல்லையெனில் பெரும்பாலும் கீமோதெரபி. மார்பகத்தை முழுதாக நீக்கும் அறுவை வழக்கொழியவில்லை. கட்டி மார்பகத்தின் பல பகுதிகளில் பரவியிருந்தாலோ, கதிர்வீச்சு அளிக்க முடியாவிட்டாலோ, நோயாளியே விரும்பினாலோ இன்றும் அது செய்யப்படுகிறது.