திருமேனி நிழற்படங்களும் அடங்கன் முறையும்

தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராச சோழன் (985–1014) காலத்துக் கல்வெட்டுக்களுள், அக்கோயிலுக்கு அளிக்கப்பெற்ற செப்புத் திருமேனிகளைப் பற்றியன தனிச் சிறப்புடையவை. இன்ன மூர்த்தம், இன்னார் எழுந்தருளுவித்தது என்ற அளவில் அவை நின்றுவிடவில்லை. திருவடி முதல் திருமுடி வரை இத்தனை விரல் உயரம், திருக்கைகள் இத்தனை, பீடம் இத்தனை விரல் என்று ஒவ்வொன்றையும் கோயிலின் முழக்கோலால் அளந்து கல்லில் வெட்டினார்கள். பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லாலும், மணிகளை ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் எடைக்கல்லாலும் நிறுத்து எழுதினார்கள். அத்திருமேனிகளுள் மிகப் பல இன்று அங்கு இல்லை. கல்லெழுத்து மட்டும் நிற்கின்றது. எழுத்து உயரத்தைச் சொல்லும், கைகளை எண்ணிச் சொல்லும், திருமுகத்தைச் சொல்லாது. ஒத்த அளவினவாகிய இரண்டு சோமாஸ்கந்தர் திருமேனிகளை எதிரே வைத்து, இவற்றுள் எது எந்த ஊரது என்று வினவினால், கல்வெட்டு விடை கூற மாட்டாது.

எழுத்து விட்ட இடத்தை நிரப்ப வந்தது நிழற்படம். எனினும், படம் எடுத்துவிட்டதனாலேயே அடையாளம் நிலைபெற்றுவிடுமோ என்றால், இல்லை. எவ்வூர், எக்கோயில், எந்நாள் என்னும் மூன்றும் படத்தோடு பிணைக்கப்பெற்றிருந்தாலன்றி, எடுத்தவர் நினைவோடு அப்படமும் அழிந்ததற்கு ஒப்பாகும்.

1954ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்ததன் பின்னர், 1955இல் அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தோன்றியது. அதனை அமைத்து நடத்தியவர் ழான் பிலியோசா என்னும் பேரறிஞர். சைவாகமச் சுவடிகளைத் தேடித் தொகுத்தல் அந்நிறுவனம் மேற்கொண்ட பெரும்பணிகளுள் ஒன்று. அச்சுவடித் தொகுதி 2005இல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவுப் பதிவேட்டில்’ இடம்பெற்றது. ஆகமங்கள் வகுத்த உருவ இலக்கணம் திருக்கோயில்களிற் காணும் திருவுருவங்களோடு எவ்வாறு பொருந்துகின்றது என்று ஆராய வேண்டியிருந்தமையால், 1956 முதல் ஊர் ஊராகச் சென்று கற்றளிகளையும் செப்புத் திருமேனிகளையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்து வந்தனர். அப்படங்கள் நாளடைவில் ஓர் இலட்சத்தைக் கடந்து பெருகின. களவைத் தடுப்பதோ, கள்வரைப் பிடிப்பதோ அவர்தம் நோக்கமன்று. இலக்கண ஆராய்ச்சியே நோக்கம். ஆராய்ச்சிக்கென்று ஒழுங்காக எழுதிவைத்த குறிப்பு, அறுபது ஆண்டுகட்குப் பின்னர் வழக்காடும் சான்றாக மாறியது.

படமெடுப்போன் கையில் முதலில் இருப்பது நெகடிவ் என்னும் மறிநிலைச் சுருள். ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் அதிற் பதிந்திருக்கும். சுருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அச்சுருளின் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் என, எடுத்த வரிசை பிறழாமல் எண்ணிடுதலே அடுக்குமுறையின் முதற்படியாகும். இவ்வரிசையைக் கலைத்தல் ஆகாது. ஊர் பெயர் எழுதாத கட்டம் ஒன்று இடையே வருமாயின், முன்னுள்ள கட்டத்தையும் பின்னுள்ள கட்டத்தையும் நோக்கி அதன் ஊரை உணரலாம். அழகிய படங்களை மட்டும் வெட்டி வேறு உறையில் இட்டுவிட்டால் அந்த வழியும் அடைந்துபோம். உதிர்ந்த ஏடுகளை, முன்னேட்டின் இறுதிச் சொல்லையும் பின்னேட்டின் முதற்சொல்லையும் ஒத்துப் பார்த்துக் கோத்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எடுத்த வரிசை காப்பதற்கு உரியது. தேடுவதற்கு வேறு வரிசைகள் வேண்டும். இதற்குத் தமிழில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. தில்லையிற் செல்லுக்கு இரையானவை போக எஞ்சிய திருப்பதிகங்களை நம்பியாண்டார் நம்பிகள் திருமுறைகளாக வகுத்தருளினார் என்பது மரபு. மூவர் தேவாரமாகிய அத்தொகுதிக்கு ‘அடங்கன் முறை’ என்றே பெயர். பண்ணைக் கொண்டு அடுக்கினால் அது பண்முறை. அப்பதிகங்களையே தில்லையாகிய ‘கோயில்’ முதலாகத் தலங்களை வைத்து அடுக்கினால் அது தலமுறை. பாடல் ஒன்றே, அதனை அடைதற்கு வழிகள் இரண்டு. படச்சுருளுக்கும் இஃது அப்படியே பொருந்தும். ஊர் கொண்டு தேடுவார்க்குத் தலமுறை. நடராசர், பிட்சாடனர், சோமாஸ்கந்தர் என மூர்த்தம் கொண்டு தேடுவார்க்கு மூர்த்தமுறை. நெகடிவ் இருக்கும் இடம் ஒன்றே. இரு வரிசை அட்டைகளும் அதன் எண்ணையே சுட்டி நிற்கும். ஒரு தலத்துக்கும் உரியதென்று குறிக்கப்பெறாத பதிகங்களைப் ‘பொது’ என்று தனியே வைத்தார்கள் அன்றோ? இடம் தெளியாத படங்களையும் அவ்வாறே தனியே வைத்தல் தகும். ஊகத்தால் ஓர் ஊரின் பெயரை இட்டு நிரப்பிய அட்டையினும், பெயரிடாத அட்டை மேலானது.

ஊர்ப்பெயர்தான் இப்பணியில் மிகுந்த இடர் விளைப்பது. 1957இல் திருத்துறைப்பூண்டி தஞ்சாவூர் மாவட்டத்தது. இன்று அது திருவாரூர் மாவட்டத்தது. வீரசோழபுரம் அன்று தென்னார்க்காட்டில் இருந்தது. பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கியது. ஆனந்தமங்கலமோ தஞ்சாவூரினின்று நாகப்பட்டினத்துக்கும், 2020இல் மயிலாடுதுறைக்கும் சென்றது. ஆலத்தூர் என்னும் பெயருடைய ஊர்கள் பல. இவற்றுக்கிடையே பழைய அட்டையின் எழுத்தை அழித்துப் புதுப்பெயர் எழுதுதல் பெரும் பிழையாம். பழையதை உள்ளவாறே வைத்து, அதன் கீழே இற்றை வழக்கைச் சேர்ப்பதே முறை. இறைவன் திருப்பெயரும் இவ்வாறே. திருத்துறைப்பூண்டிப் பெருமானை அவ்வூரார் பிறவிமருந்தீசர் என்று வழிபடுவர். ஆராய்ச்சியாளர் அட்டையில் பவ ஔஷதீசுவரர் என்று எழுதுவர். இரண்டும் ஒன்றே என்று அட்டை சொல்லாவிடில், மருந்தீசரைத் தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். ஆங்கில எழுத்தாற் பெயர்களை எழுதத் தொடங்கியபின் ஓர் ஊர்க்கு நான்கு வகை எழுத்துக்கூட்டு உண்டாயிற்று என்பதையும் இங்கே கருதுக.

மறிநிலைச் சுருளுக்கே உரிய வேறோர் இடரும் உளது. படலத்தின் ஒரு முகம் பளபளப்புடையது. மற்றை முகம், ஒளியேற்கும் பசை பூசப்பெற்றமையால் மங்கலானது. பளபளப்பான முகத்தைக் கண்பக்கம் வைத்து நோக்கினால் காட்சி நேராக இருக்கும். ஓரத்தில் அச்சிட்ட எழுத்தும் எண்ணும் நேராக வாசிக்க வரும். மாற்றி வைத்தால் இடம் வலமாகிவிடும். பிறர்க்கு இது சிறு பிழை. சிவமூர்த்தங்களில் இது சிறு பிழையன்று. கூத்தப்பெருமான் வலத்திருவடியை முயலகன்மேல் ஊன்றி இடத்திருவடியைத் தூக்கி ஆடுவது எங்கும் காணும் நிலை. மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டுமே கால்மாறி ஆடிய கோலம் சிறந்து விளங்குகின்றது. எனவே கைதவறித் திருப்பி வைத்த ஒரு நெகடிவ், ஏதோ ஒரு சிற்றூர் நடராசரைக் கால்மாறி ஆடச் செய்துவிடும்! மாதொருபாகரை எடுத்துக் கொண்டால், உமையம்மை வலப்பாகத்துக்குப் போய்விடுவாள். அட்டை எழுதுவோர்க்கு ஆகம அறிவு வேண்டுமோ என்று ஐயுறுவார்க்கு இவை விடையாகும்.

நாளைக் குறித்தலும் இன்றியமையாதது. குடந்தையை அடுத்த சிவபுரத்தில் 1951இல் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அவற்றுள் நடராசர் திருவுருவம் பழுதுபார்க்கக் கொண்டு போகப்பெற்ற இடத்தில் போலி ஒன்று வார்க்கப்பெற்று, கோயிலுக்குப் போலியே திரும்பி வந்தது. பழம் திருமேனி வெளியே போய்விட்டது என்பதை டக்ளஸ் பேரட் என்னும் ஆங்கில அறிஞர் 1965இல் வெளியிட்ட தம் நூலில் குறித்தார். அத்திருமேனி அமெரிக்காவிலிருந்து 1986இல் மீண்டது. இத்தகைய கோயிலில் எடுத்த படத்துக்கு ஆண்டு குறிக்காவிட்டால், அதில் இருப்பது மூலமா, போலியா என்று எவ்வாறு துணிவது? மாறுவதற்கு முன் எடுத்த படம் மூலத்துக்குச் சான்று. பின் எடுத்தது போலிக்குச் சான்று. இடையே நிற்பது ஓர் ஆண்டெண் மட்டுமே.

படச்சுருள் கல்லைப்போல் நிலைப்பதன்று. பழைய நைட்ரேட் படலம் எளிதில் தீப்பற்றுவது. அதற்கு மாற்றாக வந்த அசிடேட் படலத்தைத் தீங்கற்றது என்றனர். ஆயின், வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் அது சிதைந்து, காடி நாற்றம் வீசி, சுருங்கி நெளியும். ஒரு சுருளிலிருந்து எழும் அமில ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். ஆதலின் நாற்றம் தோன்றியதை உடனே பிரித்து, அமிலமற்ற தாளுறையில் இட்டு, குளிர்ந்த உலர்ந்த அறையில் வைப்பர். விளிம்பைப் பற்றி எடுப்பதன்றி, படத்தின்மேல் விரல் படுதல் கூடாது.

இக்காலத்தில் ஸ்கேன் என்னும் மின்வருடல் வந்து, சுருளைத் தொடாமலே படத்தைக் காண வழி செய்தது. இதிலும் கருத்து வேண்டும். படத்தின் நடுப்பகுதியை மட்டும் வருடி, ஓரத்து எண்ணை விட்டுவிடுவது, ஏட்டின் பாட்டைப் படியெடுத்து ஏட்டெண்ணை விட்டது போலாம். உறையின்மேல் எழுதிய குறிப்பையும் அட்டையின் பின்புறத்தையும் சேர்த்து வருடுதல் நன்று. கணினிக் கோப்புக்கு இடும் பெயர் பழைய நெகடிவ் எண்ணாகவே இருத்தல் வேண்டும். புதிதாக ஓர் எண் வரிசை தொடங்கினால் சுருளும் உருவமும் வெவ்வேறு வழியிற் போய்விடும். முதலுருவத்தைத் திருத்தாமல் காத்து, பிறர்க்குக் காட்டச் சிறுபடி ஒன்றைத் தனியே வைத்தல், இரண்டு ஊர்களில் படிவைத்தல் என்பனவும் இதன்பாற்படும். வருடியாயிற்று என்று சுருளை எறிந்துவிடுதலோ, படியெடுத்தபின் மூல ஏட்டை ஆற்றில் விட்ட பழைய பேதைமைக்கு ஒப்பானது. கோப்புகளும் அழியக் கூடியனவே.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்பார்க்கு மறுமொழியாக நிற்பன, மீண்டு வந்த திருமேனிகள். ஆனந்தமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயிலைச் சார்ந்த இராமபிரான், இலக்குவன், சீதாபிராட்டி திருவுருவங்கள் 1978 நவம்பரில் களவாடப்பெற்றன. 1958 சூன் மாதத்தில் எடுக்கப்பெற்ற புதுச்சேரி நிறுவனத்துப் படங்களோடு அவற்றை ஒப்பிட்டதன் பயனாக, 2020 செப்டம்பரில் அவை இலண்டனில் இந்தியத் தூதரகத்தாரிடம் ஒப்படைக்கப்பெற்றன. அரியலூரை அடுத்த சிரீபுரந்தான் கோயிலிலிருந்து 2006இல் கொள்ளைபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைகொடுத்து வாங்கியது. 1994இல் எடுத்த படம் அத்திருமேனியின் ஊரைக் காட்டிற்று. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் அதனை இந்தியப் பிரதமரிடம் அளித்தார். திருமுதுகுன்றத்து மாதொருபாகர் கற்றிருமேனியும் உடன் வந்தது.

இவ்வகை ஒப்பீட்டில் துணைசெய்வன பெருஞ்சிறப்புக்கள் அல்ல, சிறு குறைகள்தாம். திருவாசியில் ஒடிந்த தீக்கொழுந்து எது, பீடத்தின் எம்மூலை சிதைந்தது, வார்ப்பின்போது விழுந்த புள்ளி எங்கே, நெடுங்காலத் திருமஞ்சனத்தால் தேய்ந்த மூக்கின் வடிவு யாது என்பவற்றை எந்தக் கம்மியனும் இருமுறை ஒருபடியாகச் செய்ய இயலாது. பட்டும் மாலையும் சார்த்தி எடுத்த அலங்காரப் படம் வழிபாட்டுக்கு இனிது, அடையாளத்துக்கு உதவாது. அன்பர்கள் தத்தம் ஊர்த் திருமேனிகளுக்குப் படம் எடுக்குங்கால் இதனைக் கருதுதல் வேண்டும்.

அண்மையில் நிகழ்ந்ததொன்று சைவர்க்கு மிக இனியது. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் ஆசியக் கலைக்கூடத்தில் மூன்று செப்புத் திருமேனிகள் இருந்தன. அவை தமிழகத்துக் கோயில்களில் 1956க்கும் 1959க்கும் இடையே படமெடுக்கப்பெற்றவையே என்பது, 2023இல் புதுச்சேரித் தொகுப்போடு ஒப்பிட்டு உறுதி செய்யப்பெற்றது. ஒன்று திருத்துறைப்பூண்டி நடராசர், 1957இல் எடுத்தது. ஒன்று ஆலத்தூர் விசுவநாதர் கோயில் சோமாஸ்கந்தர், 1959இல் எடுத்தது. மற்றொன்று வீரசோழபுரத்துச் சிவன்கோயிலில் 1956இல் எடுத்த, பரவையாரோடு கூடிய சுந்தரமூர்த்தி சுவாமிகள். தம்பிரான் தோழரும் பரவையாரும் பிரிந்திருந்த காலத்தில், இறைவனே நள்ளிரவில் ஆரூர்த் தெருவில் தூது நடந்து கூட்டிவைத்தான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அவ்விருவரும் கடல்கடந்த காட்சிக்கூடத்திலும் ஒருசேரவே இருந்தனர், ஊரைத்தான் பிரிந்திருந்தனர். மூன்றையும் இந்திய அரசுக்குத் திருப்பித் தருவதாக அக்கூடத்தார் 2026 சனவரியில் அறிவித்தனர். நடராசர் மட்டும் இந்தியாவின் உடைமையாக, நீண்டகாலக் கடன் முறையில் அங்கேயே காட்சி தருவார் என்றும், அவர் வந்த வரலாறு மறைக்காமல் எழுதி வைக்கப்பெறும் என்றும் அவ்வறிவிப்பில் கண்டது.

ஆகவே திருத்துறைப்பூண்டி நடராசர்க்குரிய அட்டையில் 1957 என்னும் ஆண்டின் கீழ் இன்னும் இரண்டு வரிகள் ஏற வேண்டியுள்ளன: உடைமை இந்தியாவினது, இருப்பிடம் வாஷிங்டன். நெகடிவ் எண் பழைய எண்ணே.