பன்னிரண்டு வயதோடு நின்ற பாடம்: நாடுகாணியும் நடுநிலைப் பள்ளி அறிவியலும்

1

அறிவியல் கற்பித்தல் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சுகள் பெரும்பாலும் இரண்டு வகைப்பட்டவை. ஒன்று, பாடத்திட்டம் குறித்த அறிக்கைகள். மற்றது, 'எளிய சோதனைகள் நூறு' வகையறா. முன்னதில் வகுப்பறை கிடையாது. பின்னதில் வரலாறு கிடையாது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் அறிவியல் சொல்லித்தரும் ஒருவர் நாளைக் காலை என்ன செய்யலாம் என்கிற கேள்வியை, அந்த வகுப்பறை எப்படி உண்டானது என்கிற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாது என்பதே நான் இங்கு சொல்ல முயல்வது.

இடம் நாடுகாணி. நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரம். கூடலூரிலிருந்து வரும் சாலை இங்கே பிரிகிறது. ஒரு கிளை தேவாலா, பந்தலூர் என்று போகிறது. இன்னொன்று காட்டுக்குள் இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் என்று கேரளத்துக்குள் போய்விடுகிறது. இப்பகுதி 1877 வரை மலபார் மாவட்டத்து வயநாட்டின் பகுதி. அந்த ஆண்டில்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. இரண்டொரு ஆண்டுகளில் தங்க வேட்டை தொடங்கிற்று. தேவாலாவையும் பந்தலூரையும் நம்பி லண்டனில் நாற்பதளவு கம்பெனிகள் முளைத்தன. 1882 வாக்கில் எல்லாம் கவிழ்ந்தாச்சு. பிறகு தேயிலை. ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஒரு 'அறிவு' வந்து இந்த மண்ணை அளந்தது. இங்கே இருந்தவர்கள் அந்த அளவீட்டில் வேலையாட்களாக மட்டுமே பதிவானார்கள்.

2

தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி வரலாற்றைச் சட்டங்கள் விதித்த வயதுக் கோடுகளைக் கொண்டே எழுதிவிடலாம். இலங்கையில் 1907ஆம் ஆண்டின் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தருவதைத் தோட்டத்துத் துரையின் கடமையாக்கியது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வயதுள்ள பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேல் இருந்தால், கல்வி வசதி செய்துதரும்படி முதலாளியை நிர்ப்பந்திக்க அரசு விதிகள் இயற்றலாம் என்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில்தான் அந்தக் கோடு பதினான்குக்கு நகர்கிறது. பத்து, பன்னிரண்டு, பதினான்கு. நூறு வருஷத்தில் நான்கு வயது.

இந்தக் கோடுகள் நாடுகாணிக்கு வெளியே இருக்கும் சங்கதிகள் அல்ல. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று தலை எண்ணிப் பிரித்தது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தரவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. பின்னர் டான்டீ ஆனது. தேவாலா, பந்தலூர், சேரம்பாடி லைன்களில் வந்து இறங்கிய குடும்பங்கள், பத்து வயதுக் கோட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக் கோட்டுக்கு இடம்பெயர்ந்தன என்று சொன்னால் தப்பில்லை.

இந்த எண்களில் அடங்கியிருக்கும் அரசியலைக் கவனிக்க வேண்டும். எழுத்து, கணக்கு, கீழ்ப்படிதல் — இவை ஆரம்பப் பள்ளியிலேயே முடிந்துவிடும். பெயர்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவும், இலையின் எடையைப் படிக்கவும் இது போதும். 'ஏன் அப்படி?' என்று ஒரு குழந்தை ஒழுங்குமுறையோடு கேட்கத் தொடங்குவது பதினொன்றிலிருந்து பதினான்குக்குள். அறிவியல் தனிப்பாடமாகக் கனம் பெறும் வயதும் அதுதான். தோட்டச் சட்டம் வெளியே விட்டது துல்லியமாக இந்த வயதை. இது திட்டமிட்ட சதி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு உற்பத்தி முறைக்கு எவ்வளவு அறிவு தேவையோ அவ்வளவையே அதன் சட்டம் நினைவில் வைத்துக்கொள்ளும்.

3

கையில் ஆய்வகம் இல்லாத இடத்தில் அறிவியல் சொல்லித்தருவது எப்படி என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பள்ளிகள் நாசமான நாடுகளின் ஆசிரியர்களுக்கென யுனெஸ்கோ வெளியிட்ட சிறு நூலிலிருந்து வளர்ந்ததுதான் 1956இல் வந்த அதன் அறிவியல் ஆசிரியர் கையேடு. தகர டப்பா, சீசா, மெழுகுவர்த்தி கொண்டு சோதனை செய்வது என்கிற மரபு போரின் இடிபாடுகளிலிருந்து வந்தது என்பது மறந்துபோய், இன்று அது 'ஏழைப் பள்ளிக்கு இது போதும்' என்கிற சலுகையாகப் பேசப்படுகிறது.

இந்தியாவில் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம். 1972இல் கிஷோர் பாரதியும் ரசூலியாவின் நண்பர்கள் ஊரக மையமும் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1982க்குப் பின் ஏகலவ்யா அமைப்பின் வழியாக, ஆயிரம் பள்ளிகள் அளவுக்கு விரிந்த திட்டம். 2002இல் மாநில அரசு அதை மூடியது. நம்மூரில் அத்திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை பெரும்பாலும் பொம்மைகள்: தீக்குச்சியும் வால்வு டியூபும். அவை நல்லவைதாம். ஆனால் அத்திட்டத்தின் உயிர் வேறிடத்தில் இருந்தது. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, வகுப்பில் வராமல்போன சோதனைகளைப் பேசித் தீர்த்தார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், கையால் செய்துகாட்டவும் வேண்டும். தேர்வை மாற்றாமல் கற்பித்தலை மாற்ற முடியாது என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள்.

தமிழ்நாட்டில் 2000களின் பிற்பாதியில் நடுநிலை வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியை இதோடு வைத்துப் பார்க்கலாம். குழந்தைகள் குழுவாக உட்கார்ந்தார்கள், மனவரைபடம் வரைந்தார்கள். எதை வரைந்தார்கள்? பாடப்புத்தகத்தின் பத்தியை. பிரதியே இன்னொரு வடிவில் திரும்பி வந்தது. உலகம் வகுப்புக்குள் நுழையவில்லை.

4

அப்படியென்றால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நாடுகாணி வகுப்பறைக்கென நான்கு பாடங்களை முன்வைக்கிறேன். நான்கும் புத்தகத்துக்கும் ஊருக்கும் இடையே உள்ள பிளவிலிருந்து தொடங்குபவை.

முதலாவது, கொதிநிலை. நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது மனப்பாடம். நாடுகாணி உயரத்தில் வெப்பமானி 97ஐ ஒட்டி நின்றுவிடும். 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் 93ஐக்கூடத் தொடாது. 'சார், தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு' என்பான் பையன். அந்த இடத்தில் 'ஆமாம், 100ன்னு எழுதிக்கோ' என்று சொன்னால் பாடம் செத்தது. கடல்மட்டத்துக்காரன் எழுதிய எண் அது என்று சொல்லி, காற்றழுத்தத்துக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற கணக்கைப் பிள்ளைகளே எட்டிவிடுவார்கள்.

இரண்டாவது, தேயிலை. இரண்டு கொழுந்துகளை எடுத்துக் கழுவுங்கள். ஒன்றை அப்படியே கசக்கித் தட்டில் வையுங்கள். மற்றதைக் கொதிநீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்துப் பிறகு கசக்குங்கள். ஓரிரு மணி நேரத்தில் முதலாவது செம்பு நிறமாகிவிடும். மற்றது பச்சையாகவே இருக்கும். ஃபேக்டரியில் இதற்கு ஃபெர்மென்டேஷன் என்றே பெயர். உண்மையில் இதில் நுண்ணுயிரிக்கு முக்கியமான வேலை இல்லை. இலையிலேயே இருக்கும் நொதி செய்யும் ஆக்சிஜனேற்றம். வெந்நீர் நொதியைக் கெடுத்துவிட்டது. அம்மா பறிக்கும் இலைக்குள் ஒரு வேதியியல் நடக்கிறது என்பதும், ஆலையின் சொல்லே பிழையாக இருக்கலாம் என்பதும் ஒரே பாடத்தில் கிடைத்துவிடுகின்றன.

மூன்றாவது, பிரித்தெடுத்தல். ஆறாம் வகுப்பில் சல்லடையும் வடிகட்டியும் வருகின்றன. கம்பெனிகள் வருவதற்கு வெகுமுன்பே இப்பகுதியின் பணியர்களும் குறும்பர்களும் ஆற்று மண்ணை மரத்தட்டில் அலசித் தங்கம் பிரித்தவர்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3; மணலினுடையது 2.65. தட்டைச் சுழற்றினால் மணல் ஓடும், கனமானது தங்கும். மணலில் இரும்புத் தூளைக் கலந்து ஒரு தட்டில் செய்து பார்க்கலாம். 1990களில் கூடலூரில் ஆதிவாசிக் குழந்தைகளுக்கான கல்வியை அவர்கள் வாழ்விலிருந்தே தொடங்க முயன்ற வித்யோதயா பள்ளியின் அனுபவத்தை நம் பயிற்சிக் கூட்டங்கள் ஏறிட்டுப் பார்த்தாலே பாதி வேலை முடியும். பின்பெஞ்சில் வாய்மூடி இருக்கும் பணியர் வீட்டுப் பிள்ளையின் பாட்டி அன்றைக்கு வகுப்புக்கு வந்து பேசலாமே.

நான்காவது, மழை. தமிழ்நாட்டுக்கு மழை வடகிழக்குப் பருவக்காற்றில் என்று சமூக அறிவியல் புத்தகம் பொதுவாகச் சொல்லும். கூடலூர், பந்தலூரில் ஜூனில் பள்ளி திறக்கும்போது குடையோடுதான் திறக்கிறது. பெரும்பங்கு மழை தென்மேற்கில். நேர்ச்சுவரும் தட்டை அடியும் உள்ள ஒரு டப்பா, ஓர் அளவுகோல், கூரையும் மரமும் இல்லாத ஓரிடம். தினமும் காலை எட்டரைக்கு ஒரு பிள்ளை அளந்து எழுதட்டும். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர்க் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். வருஷக் கடைசியில் அந்த நோட்டுப் புத்தகம் மாநிலம் பற்றிய வாக்கியத்தைத் திருத்தும்.

5

இந்த நான்காவது பாடத்தை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2024 ஜூலை 30 அதிகாலையில், பந்தலூரை ஒட்டிய வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் மலை சரிந்தது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். வெள்ளார்மலைப் பள்ளியும் சிதைந்தது. உடல்கள் சாலியாற்றில் மிதந்து, நாடுகாணிக்குக் கீழே இருக்கும் நிலம்பூர் வரை போயின. கல்பற்றாவின் ஹியூம் மையம், விவசாயிகளும் மற்றவர்களும் சேர்ந்து அளக்கும் இருநூறுக்கும் அதிகமான மழைமானிகளின் கணக்கை வைத்து முந்தைய நாளே எச்சரித்திருந்தது. அளந்தவர்கள் சாதாரண மனிதர்கள். அளவு சரியாக இருந்தது. கேட்க வேண்டிய இடத்தில் அது அறிவாகப் பதிவாகவில்லை.

யாருடைய அளவீடு அறிவாக ஏற்கப்படும் என்பதே இங்குள்ள பிரச்சினை. பன்னிரண்டு வயதோடு பாடத்தை நிறுத்திய சட்டத்துக்கும், வெப்பமானியைத் திருத்தச் சொல்லும் வகுப்பறைக்கும், அந்த எச்சரிக்கைக்கு நேர்ந்த கதிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நாடுகாணி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி நடுநிலைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி வைத்து, மாதம் ஒருமுறை ஆசிரியர்கள் கூடித் தங்கள் எண்களை ஒப்பிடுவதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பயணப்படியும் ஒரு சனிக்கிழமையும் போதும். அந்த எண்களுக்குத் தேர்வில் மதிப்பெண் உண்டு என்று அறிவிக்கும் ஒரு சுற்றறிக்கையும் வேண்டும்.  வரும் ஜூனுக்கு முன் இதைக் கேட்டு எழுத ஆசிரியர் சங்கங்கள் முன்வருமா?