வாசலில் வந்து நின்ற மாணவர்கள்

1967 நவம்பர் 17. பிலடெல்பியா கல்வி வாரியக் கட்டடத்தின் முன் சுமார் 3,500 கறுப்பின மாணவர்கள் திரண்டுவிட்டார்கள். தங்கள் வரலாற்றைப் பள்ளியில் கற்றுத்தர வேண்டும் என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. கல்விக் கண்காணிப்பாளர் மார்க் ஷெட் அவர்களுடைய பிரதிநிதிகளை உள்ளே உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் வெளியே நகரப் போலீஸ் ஆணையர் ஃபிராங்க் ரிஸ்ஸோவின் போலீஸ் பிள்ளைகளைத் தடியால் அடித்தது.

2011 ஏப்ரல் 26, அரிசோனாவின் டூசான். மெக்சிகன்-அமெரிக்க வரலாற்று வகுப்பை வெறும் விருப்பப் பாடமாக இறக்கும் தீர்மானம் வாரியத்தின் முன் இருந்தது. மாணவர்கள் ஒன்பது பேர் உறுப்பினர்களின் நாற்காலிகளில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டதால் கூட்டமே நடக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கண்காணிப்பாளர் ஜான் பெடிகோனின் நிர்வாகம் போலீசைக் குவித்தது, சிலர் கைதானார்கள்.

ஷெட் நல்லவர், பெடிகோன் கெட்டவர் என்று முடித்துவிட முடியாது. ஷெட்டைத் தடுக்க மாநிலச் சட்டம் எதுவும் இல்லை. பெடிகோனுக்கோ 2010ஆம் ஆண்டுச் சட்டம் கழுத்தில் கத்தி. ஓர் இனத்தின் மீது வெறுப்பை வளர்க்கும் பாடம் என்று மாநிலம் முடிவுகட்டினால், மாவட்டத்துக்கு வரும் மாநில நிதியில் 10 சதவீதம் போய்விடும். 2012 ஜனவரி 10 அன்று வாரியம் 4–1 என்று வாக்களித்து மெக்சிகன்-அமெரிக்கப் பாடத்திட்டத்தையே நிறுத்தியதைப் பணநெருக்கடி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாநிலக் கல்வித்துறையே அமர்த்திய தணிக்கைக் குழு வகுப்புகளில் விதிமீறல் இல்லை என்று எழுதித் தந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு எளிதில் மடங்கியிருக்க வேண்டுமா? அதோடும் நிற்கவில்லை. ரொடால்ஃபோ அகுன்யாவின் வரலாற்று நூல் உட்பட ஏழு தலைப்புகளை வகுப்பறைகளிலிருந்து எடுத்துப் பெட்டியில் கட்டினார்கள். நூலகத்தில் இருக்கிறதே, இது தடையல்ல என்றது நிர்வாகம். எனக்கு இந்த விளக்கம்தான் உறுத்துகிறது. நிதியைக் காப்பது ஒன்று, தணிக்கைக் குழு விதிமீறல் காணாத வகுப்புகளின் நூல்களையும் அகற்றுவது வேறு.

மாணவர்களை உட்காரவைத்துப் பேசியதற்கு ஷெட் விலை கொடுத்தார். அவரைத் துரத்துவேன் என்று சொல்லியே ரிஸ்ஸோ 1971 மேயர் தேர்தலில் நின்று வென்றார். ஷெட் பதவி விலகினார். அந்த மாணவர்கள் கேட்ட பாடம் பிலடெல்பியாவில் பள்ளிப் படிப்பை முடிக்கக் கட்டாயமாவதற்கு 2005 வரை ஆனது.

டூசான் வகுப்புகளை முடக்கிய அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 2017இல் தீர்ப்பு வந்தது. மாநிலத்தின் நடவடிக்கைக்குப் பின்னால் இருந்தது இனப்பகையே என்றார் நீதிபதி வாலஸ் தஷிமா. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த போஸ்டன் (Poston) முகாமில் சிறுவயதில் இருந்தவர் அவர். அந்த முகாமும் அரிசோனாவில்தான் இருந்தது.